ஆயிரம் மேற்கோள் கண்ட பூதலிங்கனார்

பிப்ரவரி 12, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சார் தம்முடைய மேற்கோள்களை எண்ணத்தான் சொன்னார். நான் படித்துவிட்டேன்.

இப்படி எழுதிவிட்டு சித்ரலேகா நாட்குறிப்பை மூடினாள். சரியாகத்தான் எழுதினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி திறந்து பார்த்தாள். சரிதான்.

நெல்லைச் சீமையின் பெருமையில் பாதி தாமிரபரணி தந்தது. மீதி முனைவர் பூதலிங்கம் தந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மூலக்கூற்று உயிரியல் துறைத் தலைவர். ஸ்ரீவைகுண்டத்து வாழையின் வேரில் வறட்சி தாங்கும் மரபணு ஒன்றைக் கண்டுபிடித்து, தன்னடக்கம் காரணமாக அதற்குப் 'பூதலின்' என்று மட்டும் பெயரிட்டவர். ஒரு வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாகப் பிரிப்பதுபோல, அந்த ஒரே கண்டுபிடிப்பைப் பதினான்கு கட்டுரைகளாகப் பிரித்தவர். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். அப்படி ஆயிரம் சேர்ந்ததற்குத்தான் சனிக்கிழமை பாராட்டு விழா. 'மேற்கோள் மேதையே!' என்று பேருந்து நிலையம்வரை ஃபிளெக்ஸ் நின்றது. அதில் சார் நுண்ணோக்கியை ஒரு கண்ணாலும் கேமராவை இன்னொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மாணவியான சித்ரலேகாவுக்கு ஐந்து வருடமாகப் பூதலின்தான் சோறு தண்ணீர். வேரைக் கழுவாமல் எடுத்தால் பூதலின் வந்தது. கழுவி எடுத்தால் வரவில்லை. தன் கைதான் சரியில்லை என்று முடிவுகட்டி, கழுவாத வேரையே ஆய்வேட்டில் சேர்த்திருந்தாள். அந்த ஆய்வேடு இப்போது கையெழுத்துக்காக சார் மேசைமேல் கிடந்தது. கையெழுத்து விழுந்தால் முனைவர்; விழாவிட்டால் ஐந்து வருடம் ஆற்றோடு.

மேற்கோள்களைப் படித்தபோதுதான் தெரிந்தது. போலந்து முதல் பிரேசில் வரை எல்லா அறிஞர்களும் ஒரே குரலில் சாரை எடுத்துக்காட்டியிருந்தார்கள்: 'இந்த மரபணு வாழையினுடையது அன்று. ஏதோ பாக்டீரியா கலந்துவிட்டது. ஆய்வில் இப்படி நேராமல் பார்த்துக்கொள்க.'

"எண்ணச் சொன்னா எண்ணணும்க்கா. உங்கள யாரு படிக்கச் சொன்னது?" என்றான் உடன் ஆராயும் குமரகுருபரன். "அது கெடக்கட்டும், என்ன பாக்டீரியாவாம்?"

சித்ரலேகா ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியைத் திறந்தாள். மின்வெட்டிலும் நிற்காத குளிர்பெட்டி ஊரிலேயே அது ஒன்றுதான். ஆகவே கீழ்த்தட்டில் வாழை வேர். மேல்தட்டில், துறை தொடங்கிய நாள் முதலாக, சார் வீட்டு இட்லி மாவு. மாவு பொங்கும். பொங்கினால் வழியும்.

ஒரு சொட்டு மாவை எடுத்துச் சோதித்தாள். உள்ளே பூதலின் அமோகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சார் அறையில் நின்றாள்.

"சார், எல்லாரும் உங்க முடிவு தப்புன்னுதான் எழுதியிருக்காவ."

"பேர ஒழுங்கா போட்டிருக்காவளா?"

"போட்டிருக்காவ சார். எப்படிச் செய்யக் கூடாதுங்கதுக்கு உதாரணமா..."

"உலகத்துக்கே உதாரணமா இருக்கது லேசுப்பட்ட காரியமாம்மா?"

"சார், அது வாழையில இல்ல. மாவுல இருக்கு."

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு வீட்டு மாவு?"

"உங்க வீட்டு மாவு சார்."

"அப்ப கண்டுபிடிப்பு நம்ம வீட்டுதுதான! பின்ன எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" சார் முகம் மலர்ந்தது. "இதையும் ஒரு கட்டுரையா எழுதிரு. அதுல என்னையத் தப்புன்னு சொல்லணும்லா? நல்லா சொல்லு. ஆயிரம்னு மொட்டையா நிக்கக் கூடாது, ஆயிரத்தொண்ணு ஆயிரும்."

"என் ஆய்வேடு சார்? அதுல வாழையில இருக்குன்னு எழுதியிருக்கேனே. திருத்தணும்."

"அதுல கைய வைக்காத. ஆய்வேட்டுல இருக்குன்னு சொல்லு; கட்டுரையில இல்லன்னு சொல்லு. ரெண்டுலயும் எம் பேரு வரும்லா!" சார் பேனாவை எடுத்தார்; மெல்ல மூடியை மாட்டினார். "நாளைக்கு வாழ்த்துரை நீதான். எந்த நாட்டுல எத்தனை பேருன்னு எண்ணிக்கைய மட்டும் சொல்லு, போதும். எறங்கி வந்ததும் கையெழுத்து."

வெளியே குமரகுருபரன் காத்திருந்தான். "அஞ்சு வருசம்க்கா. அஞ்சு நிமிசம் எண்ணிட்டு எறங்கிருங்க."

அவன் சொன்னதில் தவறில்லை. அறிவியலுக்குச் சார் ஆற்றிய தொண்டு எண்ணத் தகுந்தது. எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டால் அதைவிடச் சிறந்த தொண்டு இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே கிடையாது.

பிப்ரவரி 13, வெள்ளி. நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம்: படித்தது தவறு இல்லை, கழுவாத வேரை ஆய்வேட்டில் சேர்த்ததுதான் தவறு. நாளைய வேலை: காலையில் மாவுப் பாத்திரத்தை எடுத்துச் சார் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். பத்து மணிக்கு விழா. மேற்கோள்களை எண்ணச் சொல்லியிருக்கிறார். மைக்கில், தமிழில், ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும்.