சமோசா என்னால் தின்னப்பட்டது

ஜாலான் புசார்,
சிங்கப்பூர்.
திங்கட்கிழமை

நாகூரில் வாழும் என் ஒரே தாய்மாமா முகம்மது யூசுப் அவர்களுக்கு, மருமகன் அர்ஃபான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று சொல்ல மட்டும் இன்னும் கொஞ்ச நாளாகும். அங்கே உங்கள் சர்க்கரையும் மாமியின் கோபமும் கட்டுக்குள் இருக்க துஆ செய்கிறேன்.

இதனால் உலகத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எங்கள் வீட்டில் இனி யாரும் சமோசா தின்பதில்லை. சமோசா தின்னப்படுகிறது. இந்த நடைமுறை நேற்று மாலை முதல் அமலுக்கு வந்துள்ளது. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் போன் பறிமுதல் செய்யப்பட்டுள்ளது. செய்தவர் யார் என்று சொல்ல இலக்கணம் என்னை வற்புறுத்தவில்லை. இங்கிலீஷில் இது பெரிய வசதி, மாமா. செய்தவனை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். தமிழிலும் செயப்பாட்டு வினை இருக்கிறதுதான். ஆனால் "தட்டு உடைக்கப்பட்டது உம்மா" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், "உடைச்ச கை எதுடா?" என்று உடனே கேட்கப்படும்.

இரண்டாவது செய்தி, எனக்கு மூத்தவள் யும்னா ராத்தாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை செங்காங்கில் இருக்கும் ரிஸ்வான், என் வகுப்புத் தோழன் ரமீஸின் அண்ணன். முடித்து வைத்தவன், அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன், நான்தான்.

எப்படியென்றால், இரண்டு அத்தாக்களும் போனில் பேசி, பெண் பார்க்க வருவதாக ஏற்பாடானதும், இரு வீடுகளிலும் ஒரு செய்தி பரப்பப்பட்டது. ரமீஸின் உம்மா ஆஸ்மா ஆன்ட்டிக்குத் தமிழே வராது, இங்கிலீஷ் மட்டும்தான் என்று எங்கள் வீட்டில். என் உம்மாவுக்குத் தமிழே வராது, இங்கிலீஷ் மட்டும்தான் என்று அவர்கள் வீட்டில். அத்தாவுக்குச் சந்தேகம். "அவரு நல்லாத் தமிழ் பேசுறாரேடா?" என்றார். "அங்கிள் பேசுவார் அத்தா. ஆன்ட்டி இங்கேயே பொறந்து இங்கிலீஷ்லயே வளர்ந்தவங்க லா" என்று விளக்கம் தரப்பட்டது. அத்தா கடைக்குச் சுத்தியல் விற்கப் போய்விட்டார். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. இரண்டு உம்மாக்களும் தமிழில் உட்கார்ந்துவிட்டால், "நம்ம புள்ளைங்க ஒரே கிளாஸாமே" என்று ஆரம்பித்துப் பள்ளிக்கூடத்து விவகாரம் ஒன்றில்தான் போய் நிற்பார்கள். அது என்ன விவகாரம் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

ரெண்டு பேரும் சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள், டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள் என்பதுதான் திட்டம். ஆனால் என் உம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? சமூக மன்றத்தில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள்! "சம்பந்தி வீட்டம்மா முன்னாடி ஊமையாட்டம் உட்காருவேனா? நாளைக்கு என் புள்ள அந்த வீட்ல வாழணும்டா" என்றார்கள். அதோடு, "நீதான் ஸ்பெஷல் இங்கிலீஷ் கிளாஸுக்குச் செலக்ட் ஆகித் தினமும் லேட்டா வர்றியே, எனக்கும் சொல்லிக்குடு" என்று என்னையும் பிடித்துக்கொண்டார்கள். வாக்கியம் நாலு வகை உம்மா, சொல்றது, கேக்குறது, ஏவுறது, வியக்குறது என்று ஆரம்பித்தேன். இதில் ஏவுவதுதான் சுலபம், யார் என்று சொல்ல வேண்டாம், ஒரு சொல் போதும் என்றேன். அதோடு சரி. மற்ற மூன்றையும் உம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடெல்லாம் "ஈட்! வாஷ்! ஸ்லீப்!" தேக்கா சந்தையில் மீன்காரரைப் பார்த்து "கட்!" என்றார்கள். பயந்துபோய் அவர் விலைகூடக் கேட்காமல் வெட்டிக் கொடுத்தார்.

ராத்தா மட்டும் அந்த நாள்களில் சரியாகச் சாப்பிடவில்லை. "அவங்க உம்மா ஒரு தடவகூட போன் பண்ணலடா. என்னைப் பிடிக்கலையோ?" என்று என்னிடம் கேட்டாள். "இங்கிலீஷ்காரங்க அப்படித்தான் லா" என்று பதிலளிக்கப்பட்டது.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். கதவைத் திறந்ததும் உம்மா "கம்!" என்றார்கள். வந்தார்கள். "சிட்!" மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் ராணுவம் மாதிரி ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. "ஈட்!" ரிஸ்வான் அண்ணன் அவசர அவசரமாகச் சமோசாவை எடுத்தார். பதிலுக்கு ஆஸ்மா ஆன்ட்டி என்ன செய்யப்போகிறார்களோ என்று நான் பார்த்தால், தொண்டையைச் செருமி, நிமிர்ந்து, "தி சமோசா வாஸ் ஈட்டன் பை மீ" என்றார்கள்! பிறகு "தி டீ வாஸ் டிரங்க் பை மீ." அவர்களும் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள், மாமா! நேராகச் சொன்னால் மரியாதைக் குறைவு, இப்படிச் சுற்றிச் சொல்வதுதான் பெரிய இடத்துப் பேச்சு என்று ரமீஸ் பாடம் எடுத்திருக்கிறான். உம்மா என் காதில், "என்னா இங்கிலீஷுடா!" என்று பிரமித்தார்கள். ராத்தா வந்து சலாம் சொன்னதும் ஆன்ட்டியின் முகம் மலர்ந்து, "தி கேர்ள் இஸ் லைக்ட் பை அஸ்" என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், காரியம் முடிந்தது என்று நானும் ரமீஸும் மூச்சு விட்டோம்.

விட்டிருக்கக் கூடாது. ஆன்ட்டி இன்னொரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார்கள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மிகுந்த அனுதாபத்தோடு, "வாஸ் யுவர் சன் ஆல்சோ பனிஷ்ட் பை தி ஸ்கூல்?" என்று கேட்டார்கள்.

"பனிஷ்டா? எந்த சன்னு?" என்றார்கள் உம்மா. அப்பட்டமான தமிழில்.

"யா அல்லாஹ், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியுமாவா? நாகூர்க்காரிம்மா நானு! உங்களுக்குத்தான் தெரியாதுன்னு இவன்..."

"தென்காசிங்க நான்! எங்க வீட்ல இவன்..."

இரண்டு உம்மாக்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வியப்பு வாக்கியம் உம்மாவின் வகுப்பில் இன்னும் நடத்தப்படவில்லை. இருந்தாலும் நன்றாகவே வந்தது, வரிசையாக. திரைக்குப் பின்னால் ராத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். ரிஸ்வான் அண்ணனுக்குச் சமோசா புரையேறியது. அதன் பிறகு கல்யாணப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது. எங்களைப் பற்றிய பேச்சுதான் மக்ரிப் தொழுகை வரை நீண்டது. பாத்திரங்கள் எல்லாம் கழுவப்பட்டன, துடைக்கப்பட்டன, அடுக்கப்பட்டன. எப்படியோ, என் சாமர்த்தியத்தால் ஒரு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. நீங்களும் மாமியும் தவறாமல் வர வேண்டும். வரும்போது என் போனுக்காகவும் ஒரு வார்த்தை சிபாரிசு செய்ய வேண்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இந்தக் கடிதத்தை நம்பும் மனத்தையும் தருவானாக.

அன்பு மருமகன்,
அர்ஃபான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ராத்தா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "எல்லாம் பண்ணப்பட்டதுன்னே எழுதியிருக்க. பண்ணது யாருன்னு எழுது" என்கிறாள். எழுதுகிறேன். பள்ளி மணியைப் போனில் பதிவு செய்து, நேரத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் அடித்துப் பாதிப் பள்ளிக்கூடத்தைப் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்பியது நானும் ரமீஸும். ஸ்பெஷல் இங்கிலீஷ் கிளாஸ் என்பது டிடென்ஷன், பள்ளி விட்ட பிறகும் உட்கார வைக்கும் தண்டனை. அங்கே இங்கிலீஷில்தான் திட்டினார்கள், அதுவரைக்கும் உண்மை. உம்மா போனுக்குப் பள்ளியிலிருந்து வந்த தகவலைத் திறந்து, பார்த்தாயிற்று என்று அழுத்தியது நான். தமிழ் தெரியாது என்று புளுகியதும் நான். இந்தக் கல்யாணத்தை நான் முடித்து வைக்கவில்லை, மாமா. ஆஸ்மா ஆன்ட்டிக்கு ராத்தாவின் போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டதாம். போன் செய்து சொல்ல இங்கிலீஷ் வரவில்லை என்றுதான் பேசாமல் இருந்தார்களாம். ராத்தா அழுததெல்லாம் என்னால்தான். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டே நான் கேம் ஆடினேன்.

இதையும் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நேற்று மிஞ்சிய சமோசாவைச் சூடாக்கித் தட்டில் வைத்து, "ஈட்" என்றாள்.

தின்றேன், மாமா. நான்தான் தின்றேன்.