மீன் இருப்பதால் வர இயலாது

பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரி சைரகுல் அவர்களுக்கு, பிஷ்கெக்கிலிருந்து இளைய சகோதரன் ஒரோஸ்பெக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மச்சானும், பிள்ளைகளும் மருமகள்களும், ஆடுகளும் குதிரைகளும், காலை ஒடித்துக்கொண்ட அந்தப் பழுப்புப் பசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை.

பனி தொடங்குவதற்குள் உங்கள் ஊர் நரினுக்கே வந்துவிடு, உன் சின்னவன் கட்டிய புது அறை சும்மா கிடக்கிறது என்கிறாய். "அங்க ஒத்தையா உக்காந்து யாரடா காவல் காக்குற?" என்று கேட்டாயே, அதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. மீனைக் காவல் காக்கிறேன். சாதாரண மீன் இல்லை, உப்புத் தண்ணீரில் வாழும் கடல் மீன். அதை விட்டு ஒரு நாள்கூட நகர முடியாது. ஆகவே வர இயலாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மீனும் கையுமாக நான் எப்படி ஆனேன் என்று கேட்பாய். என் குல்சுன் கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடி நின்றால்கூடக் காதில் விழுகிறது. வாழ்நாள் முழுக்க கிரேன் உச்சியில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவன், எனக்குத் தனிமை புதிதில்லை என்று நீதான் எல்லோரிடமும் சொல்வாய். ஆனால் அக்கா, கிரேனிலிருந்து இறங்கினால் வீட்டில் ஒருத்தி இருந்தாள். அது போகட்டும். ரொட்டி வாங்கச் சந்தைக்குப் போனவன் மீன் கடை முன்னால் நின்றேன், தொட்டியில் மோட்டார் ஓடித் தண்ணீர் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தது, சரி, வீட்டில் ஏதாவது ஒன்று பேசட்டுமே என்று தோன்றியது, ரொட்டி வாங்க மறந்து சின்னதாக ஒரு கண்ணாடித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். கடைக்காரர் ரினாத் தாத்தார் இனத்துக்காரர். வாய் ஓயாத மனிதர். கடல் உப்பு என்று ஒரு வாளியைக் காட்டி விலை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மிடம் இசிக்குல் உப்பு ஏரி இருக்கும்போது எவனாவது கடலை விலைக்கு வாங்குவானா?

உடனே பால் கேன்களை எடுத்துக்கொண்டு சிற்றுந்தில் ஏரிக்குப் போனேன். முகந்து நிரப்பினேன். திரும்பும் வழியில் ஒரு கேன் மூடி கழன்று, முன் இருக்கையில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாளின் புது பூட்ஸுக்குள் இசிக்குல் பாதி இறங்கிவிட்டது. அவர் என் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். உன்னையும் சேர்த்துத்தான். மிச்சத்தை ரினாத்திடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு கண்ணாடிக் குழலை அதில் மிதக்க விட்டுப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இசிக்குல் நம்ம மனசுக்குக் கடல். மீனுக்கு இல்ல. இதுல உப்பே பத்தாது" என்றார். பிறந்ததிலிருந்து கடல் கடல் என்று பாடிக்கொண்டிருக்கிறோம், ஒரு குழல் மிதந்து இல்லை என்று சொல்லிவிட்டது. வாளி உப்பையே வாங்கினேன்.

கரைத்து ஊற்றினால் மீனை விடலாம் என்று பார்த்தால் அதுவும் இல்லையாம். தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம், வாரக்கணக்கில் தொட்டி சும்மா ஓட வேண்டுமாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தினமும் வெறும் தண்ணீரைப் பார்த்தேன். மாடி வீட்டு ஜிபெக் டீச்சர் ஒருநாள் கதவைத் தட்டி, உள்ளே என்ன சத்தம், குழாய் உடைந்ததா என்று கேட்டார். தண்ணீர் வளர்க்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் சூப் கொடுத்தனுப்பினார். கரண்ட் போன நாட்களில் தொட்டி குளிர்ந்துவிடாமல் குல்சுனின் மெத்தையைச் சுற்றிக் கட்டினேன். அவள் பார்த்திருந்தால் மெத்தையால் என்னையே சுற்றிக் கட்டியிருப்பாள்.

கடைசியில் மீன் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி, கூடவே ஒரு இறால். அப்புறம் பார், என் வீடு வீடாகவா இருந்தது! நம் ஆட்களுக்குப் புதிதாக எதைப் பார்த்தாலும் வெறுங்கையோடு பார்க்கக் கூடாதே. குழந்தைக்கும் புது மருமகளுக்கும் கொடுப்பதுபோல ஆளுக்கொரு நாணயத்தோடு மொத்தக் கட்டடமும் வந்தது. நான் கை நீட்டினேன். ஜிபெக் டீச்சர் என் கையைத் தாண்டிப்போய், "நாங்க பாக்க வந்தது மீனத்தானே, உங்களையா?" என்று காசைத் தொட்டிக்குள் போட்டார். பின்னால் வந்தவர்கள் அதையே செய்தார்கள். பாட்டன் காலத்துச் செப்புக் காசைப் போட்டுக் கண்கலங்கி வாழ்த்தியவர்களும் உண்டு. வாழ்த்திக் கொடுத்ததை வெளியே எடுத்தால் மரியாதையா? மணலில் அப்படியே விட்டேன். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. சமோவார் ஆறவே இல்லை அக்கா. எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தார்கள். அதைப்போல் சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் யாரும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, புதுசு ஒரு தடவைதானே புதுசு. இறால் முதலில் போயிற்று. ஜோடியில் பெரியது சாப்பிடாமல் மூலையில் நின்றது. ரினாத்தை அழைத்து வந்து காட்டினேன். உள்ளே பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "செம்பும் பித்தளையும் உப்புத் தண்ணில ஊறினா விஷம் பெரியவரே. மீனுக்கு மொய் வச்சது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றார். காசையெல்லாம் எடுத்து, தண்ணீரை மாற்றினோம். பெரியது பிழைக்கவில்லை. வாழ்த்தினவர்களிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இப்போது சின்னது மட்டும் நன்றாக இருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடிப் பக்கம் வந்துவிடும். அதனிடம் கொஞ்சம் பேசுகிறேன். ஆகவே நீ நினைப்பதுபோல் இங்கே நான் ஒத்தையாள் இல்லை, ஓய்வும் இல்லை, காலையில் வெப்பம் பார்க்கணும், உப்பு பார்க்கணும், தீனி போடணும், நரினுக்கெல்லாம் வந்து உட்கார எனக்கு எங்கே நேரம். புது அறையில் உருளைக்கிழங்கைக் கொட்டி வை. மச்சானுக்கு என் மரியாதையையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், பசுவின் காலுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். உன் வீட்டு அடுப்பு அணையாமலும் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டி குறையாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிந்த தம்பி,
ஒரோஸ்பெக்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். துணைக்கு இன்னொரு மீன் கேட்கலாம் என்று ரினாத்துக்குப் போன் போட்டேன். இப்போதைக்கு வரவு இல்லையாம். "அதுக்கென்ன பெரியவரே, அது பாட்டுக்குத் தனியாவே வருஷக்கணக்கா இருக்கும், ஒண்ணும் ஆகாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். போனை வைத்துவிட்டுத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக இருக்குமாம். என்னால் அங்கே உட்கார முடியவில்லை அக்கா. சின்னவனை வண்டியோடு அனுப்பு. மூடி போட்ட பெரிய வாளியும் கம்பளியும் கொண்டுவரட்டும். உருளைக்கிழங்கைக் கொட்டியிருந்தால் எடுத்துவிடு. மீனுக்காகத்தான் வருகிறேன் என்று மச்சானிடம் சொல்லிவிடு.