டோல்ஃப்ரீ பாயும் சூடம் அடித்த சத்தியமும்

போனில் பேசும் பதிவுக் குரலுக்கு சலாம் சொல்லிவிட்டு, பதில் சலாம் வரும்வரை மேற்கொண்டு பேசாமல் காத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில் கிணற்று மோட்டார் ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பேருந்து நிலையத்தில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். டோல்ஃப்ரீ பாய் என்றால் போதும், வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

அவர் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்தவள். ரிஷிவந்தியத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். வெளியாரோடு பேச எனக்குக் கூச்சம். அந்தக் கடையில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. எல்லோருக்குமான பேச்சைப் பாயே பேசிவிடுவார். மிச்சமிருப்பதைப் போனில் பேசுவார்.

பாயின் வியாபார முறையே தனி. புதிதாக ஒரு சரக்கு வந்தால் மற்ற கடைக்காரர்கள் அதன் விலையைப் பார்ப்பார்கள். பாய் டப்பாவில் அச்சிட்டிருக்கும் இலவச எண்ணைப் பார்ப்பார். உடனே அந்த எண்ணுக்கு அடிப்பார். பொருள் பழுதாகியிருக்காது, டப்பாவைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். ஆள் எடுத்தால் சரக்கு கடைக்குள் வரும். எடுக்காவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். இதனால் எங்கள் கடையில் பாதி அலமாரி காலியாகவே இருந்தது.

"தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று குரல் ஆரம்பித்ததுமே அவருக்கு முகம் சிவந்துவிடும். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அழுத்த நான் இன்னா லிஃப்ட்டுலயா ஏறிக்கினு இருக்கேன்?" என்று அதையே கேட்பார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அது சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டால் இன்னும் மோசம். ஒரு வாஷர் வாங்க வருகிறவனைக்கூட நாம் உட்காரச் சொல்கிறோம், முக்கியம் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நிற்கவைக்கிறவன் எப்பேர்ப்பட்ட மனிதன் என்று கடைக்கு வந்தவர்களிடம் நியாயம் கேட்பார். வாஷர் வாங்க வந்தவர் வாஷரை மறந்துவிட்டு ஆமாம் என்பார்.

ஒருமுறை எல்லாம் முடிந்து, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று குரல் கேட்டது. பாய் நிதானமாகப் பதில் சொன்னார். "நல்லாதாம்மா பேசுன. நான் பேசுனததான் நீ கேக்கல."

இப்படி இருக்கையில் புதுமைக்காரர்கள் கள்ளக்குறிச்சிக்கு வந்தார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் போட்ட இளைஞர்கள். கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து, மோட்டார் கடைக்காரர்களையும் விவசாயிகளையும் அழைத்து, பப்ஸும் டீயும் கொடுத்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒருவரை மற்றவர்கள் ஃபவுண்டர் என்றார்கள். அவர் திரையில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் காட்டினார். அதை மாட்டிவிட்டால் பழைய ஸ்டார்டர் தேவையில்லையாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போனிலேயே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். விவசாயத்தையே தலைகீழாகப் புரட்டப் போகிறோம் என்றார்.

"ஊருக்கே கஞ்சி ஊத்தறவனுக்கு இன்னா கொறன்னு இவுங்க புரட்டறாங்க?" என்று, கூட வந்திருந்த என் பக்கம் பாய் குனிந்து கேட்டார். பிறகு எழுந்து, பெட்டி நின்றுபோனால் கூப்பிட வேண்டிய எண்ணைக் கேட்டார். கொடுத்தார்கள். அங்கேயே அடித்து, மேடைக்குப் போய், போனை மைக்கின் முன் நீட்டினார். மண்டபம் முழுக்க, காத்திருக்கச் சொல்லும் புல்லாங்குழல் கேட்டது. மாப்பிள்ளை வரவில்லை, அவ்வளவுதான் குறை. ஃபவுண்டர் சிரித்துக்கொண்டே, நாங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறோம் என்றார். பாய் போனை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். மற்ற கடைக்காரர்கள் வரிசையில் நின்று ஏஜென்சி எடுத்தார்கள்.

அந்த இளைஞர்கள் அதோடு நிற்கவில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஒரு சின்ன ஊரில், குடிதண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு ஒரு பெட்டியை இலவசமாக மாட்டினார்கள். படம் எடுக்க மலை நன்றாக இருக்கும் அல்லவா. மாட்டிவிட்டு நிபந்தனைகளைப் படித்தார்கள். பெட்டியில் ஒட்டிய கம்பெனி சீலை யாரும் பிரிக்கக் கூடாது. பக்கத்தில் வேறு சுவிட்ச் வைக்கக் கூடாது. சம்மதம் என்றால் திரையில் ஒரு விரலால் தட்டினால் போதும் என்றார்கள்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய உதவிக்கு வெறும் விரலால் வாக்குக் கொடுப்பதா என்று, ஊர் முழுவதையும் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்கு ஒருவராகச் சூடத்தில் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். நிபந்தனையில் ஒரு வரி விடவில்லை. இளைஞர்களுக்கு ஒரே சந்தோஷம். வீடியோ எடுத்து, இசை சேர்த்து, ஊர் ஊராகக் காட்டினார்கள்.

நாமெல்லாம் தினமும் படிக்காமலேயே சம்மதம் சம்மதம் என்று தட்டிக்கொண்டிருக்கிறோம். எதற்குத் தட்டினோம் என்று நமக்கே தெரியாது. அந்த ஊர் ஒன்றுதான் படிக்கச் சொல்லிக் கேட்டு, புரிந்துகொண்டு, சாமி முன்னால் ஒப்புக்கொண்டது. அதற்குக் கிடைத்த பலனைக் கேளுங்கள்.

பழைய ஸ்டார்டர் இருந்தது சின்னப்பொண்ணு வீட்டுச் சுவரை ஒட்டிய அறையில். தொட்டி மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். சோறு வடிக்கிற நேரத்தில் எட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு வருவார். புதுப் பெட்டிக்குப் போனும் சிக்னலும் வேண்டும். அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது மேலே ஒரு பாறையில் மட்டும். பெட்டிக்கு அந்தப் பாறையிலிருந்தே நீளமாக ஒரு கம்பியை இழுத்துவிட்டிருந்தார்கள். சின்னப்பொண்ணுக்குக் கம்பி எதுவும் இல்லை. எனவே மோட்டாரைப் போட அவர் பாறைக்கு ஏறி இறங்கினார். நிறுத்த மறுபடியும் ஏறினார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போடக்கூடிய அந்த மோட்டாரை, அது இருக்கிற இடத்திலிருந்து மட்டும் போட முடியவில்லை.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். கோடை ஆரம்பிக்கும்போது கம்பெனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று வேறு தொழிலுக்குப் போய்விட்டது. போனைத் திறந்தால் சேவை நிறுத்தப்பட்டது என்று வந்தது. மோட்டார் நின்றது. பெண்கள் ஓடைக்கு இறங்கி, ஊற்றுத் தோண்டி, குடம் சுமந்து ஏறினார்கள். கேழ்வரகுக் கூழ் கரைக்கக்கூடத் தண்ணீரை அளந்து ஊற்றும் நிலை.

சின்னப்பொண்ணு எங்கள் கடைக்கு வந்து நின்றது அப்போதுதான். அந்தப் பழைய ஸ்டார்டர் எங்களிடம் வாங்கியது. எங்கள் கடை மெக்கானிக் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"சீல கிழிச்சிட்டுப் பழசையே மாட்டுனா முடிஞ்சிது. இதுக்கா பஸ் ஏறி வந்த?"

"சத்தியம் பண்ணிட்டோம்ணா."

"கம்பெனியே ஓடிப்போச்சு. யாருக்கு சத்தியம்?"

"அவுங்க ஓடட்டும். சூடத்துல கை வெச்சது நாங்கதான?"

பாய் மெக்கானிக்கை வெளியே போய் டீ குடிக்கச் சொன்னார். சின்னப்பொண்ணை உட்காரவைத்து, சத்தியத்திலிருந்து விடுபட வழி உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். உண்டு. வாக்கை வாங்கியவர் வாயைத் திறந்து விட்டுட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து ஒரு ஆள், ஒரு வார்த்தை.

அந்த ஒரு ஆளைத்தான் பாய் போனில் தேட ஆரம்பித்தார். நான் அவரைக் கோபமாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வாரங்களில் பார்த்தது வேறு. சாப்பாட்டுக்குப் போகவில்லை. தொழுகைக்குப் போகும்போது போனை என் கையில் கொடுத்து, ஆள் வந்தால் விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போவார். நான் அதைக் காதிலிருந்து எடுக்காமலேயே பில் போடுவேன். கம்பெனி போன பிறகும் அந்த எண் மட்டும் உயிரோடு இருந்தது; ஆள்தான் வரவே இல்லை. நான் உங்கள் மெய்நிகர் உதவியாளர் என்றது குரல். பாய் மலை, தொட்டி, சூடம் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் அதனிடம் சொல்வார். மன்னிக்கவும், புரியவில்லை என்று அது சொல்லும். மறுபடியும் முதலிலிருந்து சொல்வார்.

ஒருநாள் அது, உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது என்றது. பாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். உடனே மலைக்குச் சொல்லி அனுப்பி, ஊர்க்கவுண்டரைப் பாறைக்கு வரவழைத்துப் பேசினார். கவுண்டரின் குரல் எனக்கும் கேட்டது.

"சொன்னது ஆளா, மெஷினா பாய்?"

"மெஷினுங்க."

"அதுக்கு சாமி பயம் இருக்குமா?"

ஒரு பொய் சொன்னால் மறுநாளே அந்த ஊருக்குத் தண்ணீர் வந்துவிடும். "இருக்காதுங்க" என்றார் பாய்.

"அப்ப செல்லாதுங்க."

போனை வைத்துவிட்டு, "சரியாதான் கேக்கறாரு" என்றார். தோற்றுப் போனவர் முகத்தில் அவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஆளைக் காட்டிக்கொடுத்தது ஒரு பிளக்ஸ் பேனர். சங்கராபுரம் போகும் சாலையில் ஃபவுண்டர் ஆளுயரத்தில் கை கட்டிக்கொண்டு சிரித்தார். பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியில் புதுமைத் திருவிழாவாம், அவர் சிறப்பு விருந்தினராம். இப்போது புதுக் கம்பெனி. ஆட்டின் கழுத்தில் பட்டை மாட்டினால் அதன் மனநிலையைப் போனில் காட்டுமாம்.

பாயும் சின்னப்பொண்ணும் நானும் போனோம். வாசலில் எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு பட்டையில் அட்டை மாட்டினார்கள். "ஆட்டுக்கு முன்னாடி நமக்கு மாட்டிட்டாங்க" என்றார் பாய். உள்ளே குளிரூட்டிய அரங்கம். தோல்வியே வெற்றியின் உரம் என்று ஃபவுண்டர் பேசினார். முதல் கம்பெனி தோற்றதால் எவ்வளவு கற்றுக்கொண்டேன் என்று சொன்னபோது மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் கற்றுக்கொண்டதற்கு யார் குடம் சுமந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எழுந்து கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

கேள்வி நேரம் வந்தது. பாய் கை தூக்கினார். மைக் வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக, கையில் மைக் இருந்தும் அவர் பேசவில்லை. அதைச் சின்னப்பொண்ணிடம் கொடுத்துவிட்டு, கூடவே மேடைவரை நடந்தார். சின்னப்பொண்ணு மடியிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்தார். பாய் தீக்குச்சி கிழித்தார். சூடம் எரிந்தது. தனக்கு ஆரத்தி என்று நினைத்து ஃபவுண்டர் தலையைக் குனிந்தார்.

"ஆரத்தி இல்ல தம்பி," என்றார் சின்னப்பொண்ணு. "எங்க சத்தியத்த எங்களுக்கே குடுத்துடு. நாங்க தண்ணி எறைக்கணும்."

அவருக்குப் புரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். அந்த ஊர்க்காரர்கள் கையடித்த வீடியோவை மேடை மேடையாகக் காட்டியவர், ஊர்ப் பெயரைக் கேட்டார். சின்னப்பொண்ணு பொறுமையாகச் சொன்னார். எங்கள் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார்.

"கோர்ட்டெல்லாம் வாணாம் தம்பி," என்றார் பாய். சத்தம் போடவில்லை. "விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. சூடம் அணைஞ்சிடப் போவுது."

"விட்டுட்டேன்க்கா. தாராளமா பிரிச்சிக்குங்க."

அவ்வளவுதான். ஒரு கோடை முழுக்க ஒரு ஊர் காத்திருந்த வார்த்தை. அரங்கம் கைதட்டியது. மறுநாள், மலைவாழ் மக்களின் ஆசி பெற்ற இளம் நிறுவனர் என்று போட்டோவோடு செய்தி சுற்றியது. போட்டோவில் பாயின் கை மட்டும் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கடையை மூடிவிட்டு நாங்கள் ஸ்பேனர் பையோடு மலை ஏறினோம். மெக்கானிக்கும் வந்தான், இந்த முறை சிரிக்கவில்லை. சீலைப் பிரித்ததும் ஊர்க்கவுண்டர் அந்த வெள்ளைப் பெட்டியை ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார். அடுத்தவர் பொருள், கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும் என்றார். மெக்கானிக் பழைய ஸ்டார்டரை மாட்டினான். சின்னப்பொண்ணு பச்சைப் பொத்தானை அழுத்தினார். குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. குடங்கள் வரிசையாக வந்தன. பாய்க்கு ஒரு சொம்பில் கொடுத்தார்கள். உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார்.

பஸ் மலை இறங்கிக் கச்சிராயபாளையத்தை நெருங்கியதும் போனில் சிக்னல் வந்தது. எனக்கு முன் இருக்கையில் இருந்த பாய் அந்தக் கம்பெனி எண்ணை அடித்துக் காதில் வைத்தார். வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

"முடிஞ்சிதுன்னு சொல்லணும் இல்லம்மா? எத்தினி வாட்டி அடிச்சிருக்கோம். அந்தப் பக்கம் ஏதாவது ஒரு புள்ள, மலையில தண்ணி இல்லியாமேன்னு கவலப்பட்டுக்கினு இருந்தா?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ நேரில் வரப்போவதுபோல் காத்திருந்தார். கள்ளக்குறிச்சி வரும்வரை அந்தப் புல்லாங்குழல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த ஒரு தடவையாவது யாராவது எடுத்திருக்கலாம்.