ஐந்து பொன்னாடையும் ஒரு வாக்கும்

ஒரு புத்தகத்தைப் பாதி படித்தவனால் பொதுவாக யாருக்கும் கெடுதல் இல்லை, அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தால். நான் இருக்கவில்லை.

அப்போது மாலை வகுப்பில் அமெரிக்க அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, எனக்குப் படிப்பு வந்தது.) அமெரிக்காவில் விவசாயி, மருத்துவர், துப்பாக்கிக்காரர், ஓய்வூதியக்காரர் என்று ஆளுக்கொரு குழு வைத்து, சட்டம் போடுபவர்களை விருந்துக்கு அழைத்துக் காரியம் சாதிக்கிறார்களாம். அதற்கு 'லாபி' என்று பெயராம். ஒரு குழு தொடங்கினால் அதைப் பார்த்து இன்னொன்று முளைக்குமாம். வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதே கிழமை எங்கள் ஊரான தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபத்தை இடித்து ஃப்ளாட் கட்ட யாரோ கவுன்சிலிடம் அனுமதி கேட்டார்கள். என் மனைவி மாலினி சனிக்கிழமைகளில் முப்பது பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பது அந்த மண்டபத்தில்தான். கிழமை முழுக்க ஒரு பார்மசியில் மாத்திரை எண்ணுகிறவளுக்கு அந்த ஒரு நாள்தான் உயிர். அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் லாபி பண்ணி வெண்டு தாறன்" என்றேன்.

"ஒரு கடிதம் எழுதினாக் காணுமப்பா. வேறை விளையாட்டு ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

முடிவெடுக்கும் கமிட்டியில் எங்கள் பகுதிக் கவுன்சிலரும் இருந்தார். நல்ல வெள்ளைக்காரர். "இரண்டு தரப்பையும் கேட்டுத்தான் முடிவு சொல்வேன். ஆனால் அந்த மண்டபம் எனக்கும் பிடிக்கும்" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். மூளையுள்ளவன் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பான். நான் போய்க் குழு தொடங்கினேன்.

மூன்று பேரோடு தொடங்கியது. புத்தகத்தில் சொன்ன வளர்ச்சி இரண்டே கிழமையில் கண்முன்னே நடந்தது. தலைவர் பதவி கிடைக்காத ஒருவர் பெற்றோர் குழு தொடங்கினார். அதைப் பார்த்துப் பழைய மாணவர் குழு, பிறகு யோகா குழு, பிறகு பேட்மின்டன் குழு. பேட்மின்டன் குழுவில் மொத்தம் நான்கு பேர்: தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர். உறுப்பினர் என்று யாரும் இல்லை.

அடுத்தது விருந்து. அதை அமெரிக்கனிடமா நாங்கள் படிக்க வேண்டும்? ஒரு ஞாயிறு மதியம் கவுன்சிலரை மண்டபத்துக்கு அழைத்தோம். வாசலில் 'மண்டபத்தின் காவலரே வருக' என்று பெரிய பேனர். குழுவுக்கு ஒன்றாக ஐந்து பொன்னாடை. ஐந்தாவதைப் போர்த்தியபோது மனிதருக்கு மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. மட்டன் ரோல்ஸ் ஏழோ எட்டோ சாப்பிட்டார். பிறகு மைக்கைக் கொடுத்தோம். எங்கள் சனம் தட்டிய கைதட்டலில் அவருக்கும் ஆவேசம் வந்துவிட்டது.

"என்ன நடந்தாலும் என் வாக்கு இந்த மண்டபத்துக்குத்தான்!"

அவர் காரில் ஏறுமுன்பே அந்த வீடியோ ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டது. நான்தான் ஏற்றினேன்.

கமிட்டி கூடிய மாலை மாலினி பட்டுச் சேலையோடு முன்வரிசையில் இருந்தாள். எங்கள் விஷயம் வந்ததும் கவுன்சிலர் எழுந்தார். தான் விருந்தும் பரிசும் வாங்கியதாகவும், விசாரணைக்கு முன்பே முடிவைச் சொல்லிவிட்டதாகவும், ஆகவே இதில் வாக்களிப்பது முறையில்லை என்றும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். என்னைக் கடக்கும்போது, "அன்புக்கு நன்றி. கொஞ்சம் குறைத்திருக்கலாம்" என்றார்.

ஒரு வாக்கில் தோற்றோம்.

(பரிசு, விருந்து பற்றிய விதிகள் அமெரிக்காவிலும் உண்டாம். அது அடுத்த அத்தியாயம். நான் அதுவரை போகவில்லை.)

பஸ்சில் மாலினி பட்டுச் சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறங்கும் இடத்தில்தான் கேட்டாள்.

"முப்பது பிள்ளையளையும் இனி நான் எங்கை கொண்டுபோய் இருத்துறது?"

"எங்கடை வீட்டிலை" என்று என் வாய் சொல்லிவிட்டது.

இப்போது எங்கள் சோபா கராஜில் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் பத்து வயலின் வரும், பதினொன்றுக்கு அடுத்த பத்து, ஒன்றுக்கு மிச்சம். இரண்டாவது மாதமே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளோடு கதவைத் தட்டினார். சத்தத்துக்கு எதிராகத் தெருக்காரர்கள் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்களாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மனிதர் நெளிந்தார். உள்ளே முப்பதில் ஒன்று ஆரோகணத்தில் அகப்பட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டேன். அனுபவசாலி என்று என்னையே செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள்.

மாலினிக்குக் கோபமே வரவில்லை. இன்றைக்கும் கலியாண வீடுகளில், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் இந்தக் கதையைச் சொல்லி முடிப்பது இப்படித்தான்:

"எனக்கு ஒரு பயமும் இல்லை. இவர் செயலாளரா இருக்கிற மட்டும் அந்தக் குழு ஒருநாளும் வெல்லாது."