டெய்சி துலக்கிய இடுப்பு மூட்டு

அன்று சனிக்கிழமைதான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. டெய்சி சர்ச்சின் மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் துலக்குவது சனிக்கிழமைகளில்தான் என்பதால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்குள் நுழைந்த டென்சில், மேசையைப் பார்த்து நின்றுவிட்டான். பித்தளைத் தாங்கிகளுக்கு நடுவில் அவன் கொண்டுவந்திருந்த செயற்கை இடுப்பு மூட்டும் பளபளத்தது.

"மேல பீங்கான் உருண்டை வழவழன்னு கீது. கீழ தண்டு மட்டும் சொரசொரன்னு. இத்த எப்டி மாப்ளே உள்ள வெச்சிக்கிறது? எமரி பேப்பர் போட்டுத் தேச்சிட்டேன்" என்றாள் மாமியார் டெய்சி.

பெங்களூர்ப் பக்கத்துக் கம்பெனியில் டென்சிலின் வேலையே அந்தத் தண்டைச் சொரசொரப்பாக்குவதுதான்.

"சொரசொரன்னு இருந்தாத்தான் அத்தே, எலும்பு அத்தப் புடிச்சிக்கும்."

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

இடுப்பு ஆபரேஷனுக்குப் பயந்த டெய்சியைச் சம்மதிக்கவைக்கத்தான் அதைக் கொண்டுவந்தான். அதுவும் மேனேஜர் மேசையிலிருந்த மாதிரிப் பீஸ். கம்பெனியில் ஒவ்வொரு தண்டையும் அதோடு ஒப்பிட்டுத் தடவிப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். யாரிடமும் கேட்காமல் எடுத்தது. திங்கட்கிழமை பழையபடி அங்கே இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

முரட்டு உப்புத்தாளால் தேய்த்தான். கோடு கோடாக விழுந்தது. மனைவி பியூலா அம்மிக்கல்லைக் காட்டினாள். அதில் தேய்த்ததும் கோடு போனது, பளபளப்பு கூடியது, மிளகாய் வாடையும் சேர்ந்துகொண்டது. இத்தனை பாடுபடுத்தும் சாமானை உடம்புக்குள் வைக்க முடியாது, ஆபரேஷனே வேண்டாம் என்று டெய்சி சொல்லிவிட்டாள்.

கடைசியில் பக்கத்திலிருக்கும் கோரமண்டலில் கல்லறைக் கல் செய்யும் வால்டரிடம் ஓடினான். கிரானைட்டில் பெயர் பொறிக்க அவர் மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுவார். வால்டர் ஒன்றும் கேட்கவில்லை. பீங்கான் உருண்டையைக் கழற்றி வைத்தார், தண்டின் கழுத்தில் ரப்பரைச் சுற்றினார், பீய்ச்சினார்.

டென்சில் தடவிப் பார்த்தான். விரலுக்குப் பழகிய அதே சொரசொரப்பு.

"எப்டிண்ணே, இவ்ளோ கரெக்டா?"

"போன வருசமும் இதே பீசுக்கு நான்தாம்பா அடிச்சேன். ஒங்க மேனேஜர் கொண்டாந்தாரு. அவுரு மாமியாரு தேச்சிட்டாங்களாம்."

திங்கட்கிழமை பீஸ் மேசைக்குத் திரும்பிவிட்டது, டென்சில் அதே வேலையில்தான் இருக்கிறான். மேனேஜரும் இருக்கிறார், இருவரும் அந்தப் பீஸைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. தன் கணவரின் கல்லறைக் கல்லைச் செய்த கைதான் அந்தத் தண்டையும் சரிசெய்தது என்று தெரிந்ததும் டெய்சி ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். அவளுக்கு வைத்த புதுத் தண்டை எலும்பு நன்றாகவே பிடித்துக்கொண்டது, சர்ச்சுக்கு நடந்தே போகிறாள். எமரி பேப்பரைப் பியூலா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.