நானூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது மைல்

"முப்பதோ நாப்பதோ எண்டதை மட்டும் சொல்லுங்கோ வாத்தியார்," என்றார் வீரகத்தி, மூன்றாவது தடவையாக.

மயில்வாகனம் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். காரோடு கூடவந்த ஆங்கிலப் புத்தகம் அவருடைய மடியில் விரிந்து கிடந்தது. கிளிநொச்சிக் குடியேற்றத்தில் அதை வாசிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அது அவருக்கும் தெரியும்.

"சொல்லத்தான் போறன். வெக்கை தொண்ணூறு டிகிரிக்குக் கீழை எண்டால் முப்பதாம் நம்பர் ஒயில். மேலை எண்டால் நாப்பதாம் நம்பர். இப்ப கிளிநொச்சி மேலையோ கீழையோ?"

"மாடு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்குது. இதுக்கு மேலை என்ன மேலை?"

"மாடு விஞ்ஞானம் இல்லை, வீரகத்தி."

பள்ளிக்கூடத்திலிருந்து வெப்பமானி வந்தது. முருங்கை மரத்தில் கட்டிவிட்டு இரண்டு பேரும் கதிரை போட்டுக் காவல் இருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அது தொண்ணூறில் ஏறி, அசையாமல் நின்றது.

"சரியாய்த் தொண்ணூறு எண்டால் என்ன செய்யிறதெண்டு வெள்ளைக்காரன் எழுதேல்லை," என்றார் வாத்தியார் கவலையோடு. "அதோடை இன்னொண்டு. ஐந்நூறு மைல் ஓடமுதல் ஒயிலையும் பில்டரையும் மாத்திப்போட வேணும். ஒரு மைல் கூடினாலும் கொம்பனி பொறுப்பில்லை."

வீரகத்தி எழுந்துபோய்க் காருக்குள் எட்டிப் பார்த்தார். மீற்றர் முந்நூற்று அறுபத்துநான்கில் நின்றது.

வீரகத்தி வடமராட்சியிலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர். யானைக்கும் பாம்புக்கும் பயப்படாதவர். அவர் பயந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான்: மனைவி சிவனேஸ்வரியின் தமையன், பரந்தனில் நெல் ஆலை வைத்திருந்த இளையதம்பி. ஏழு வருடங்களுக்கு முன்னால் அவருடைய சைக்கிளை வீரகத்தி ஒரு மாரிகாலம் முழுவதும் இரவல் வாங்கி ஓடினார். சங்கிலிக்கு எண்ணெய் விட மறந்துபோனார். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று சங்கிலி ஒரு இரும்புத் தடியைப் போல விறைத்துக் கிடந்தது. இளையதம்பி அதைப் பார்த்தார். வீரகத்தியைப் பார்த்தார். பிறகு படலையைச் சாத்தினார்.

அன்றிலிருந்து அவர் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாண வீடுகளில் வீரகத்தியைச் சுட்டிக்காட்டி, "சைக்கிளுக்கு எண்ணெய் விடாத மனிசன்" என்று மட்டும் சொல்லுவார். சிவனேஸ்வரி ஒவ்வொரு தீபாவளிக்கும் தமையனுக்கென்று ஒரு வாழையிலை போடுவாள். மாலையில் அவளே அதை எடுத்து மடிப்பாள். அந்த இலை மடிகிற சத்தம் வீரகத்திக்கு எந்த ஏச்சையும்விடக் கூடுதலாகக் கேட்கும்.

கார் வந்ததும் காற்று மாறிவிட்டது. வெளிநாட்டுச் சாமான்களைக் கண்ணால் காணமுடியாத காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் தரகர் பரமலிங்கம் ஒரு கிளிப்பச்சை மொரிஸ் மைனரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கொழும்பில் ஒரு டொக்டர் புத்தம்புதிதாக வாங்கினாராம். வாங்கிய கையோடு மேற்படிப்புக்குச் சீமைக்குப் போய்விட்டாராம். இரண்டு வருடமாகக் கம்பளி போர்த்துக்கொண்டு கார் நித்திரை கொண்டதாம்.

"வெய்யிலைக் காணாத பொம்பிளை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ," என்றார் பரமலிங்கம்.

செய்தி பரந்தனுக்குப் போனது. பரந்தனிலிருந்து பதில் வந்தது. "திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நானும் அந்தக் காரிலைதான் வாறன். ஒயில் எப்பிடி வைச்சிருக்கிறார் எண்டு பாப்பம்."

சிவனேஸ்வரி அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்ச் சத்தம் போடாமல் அழுதாள். ஆகவே ஒயில் என்பது இனி வெறும் ஒயில் இல்லை.

வீரகத்தி வவுனியாவுக்குப் போனார். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் பில்டர் அளவுக்குக் காரைக் காட்டவேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கடைக்காரர் வெளியே வந்து காரைப் பார்க்கவே இல்லை.

"நாப்பதாம் நம்பர்தான் இருக்கு. பில்டர் கப்பலிலை வருது."

"எந்தக் கப்பலிலை?"

"அதை இன்னும் கட்டி முடிக்கேல்லை எண்டு நினைக்கிறன்."

நாற்பதாம் நம்பரில் ஒரு டின்னை வாங்கிக்கொண்டு திரும்பினார். போக வரத் தொண்ணூற்றாறு மைல். மீற்றர் நானூற்று அறுபது. வீட்டு வாசலில் இறங்கும்போது மழை பெய்தது. முருங்கையடியில் வாத்தியார் குடை பிடித்தபடி நின்றார்; குடை வெப்பமானிக்கு.

"எண்பத்திரண்டு," என்றார். "நாப்பது பிழை. முப்பதுதான் சரி."

முப்பதாம் நம்பர் டின் கிளிநொச்சிச் சங்கக்கடையில், உரமூட்டைகளுக்குப் பின்னால், ஒரு வருடமாகத் தூசி படிந்து கிடந்தது. வீரகத்தி அதையும் வாங்கிவந்து வைத்துவிட்டு, இரண்டு டின்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டையும் கலந்து முப்பத்தைஞ்சு ஆக்கிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ," என்றாள் சிவனேஸ்வரி.

"இது சாம்பாரில்லை."

"சாம்பாரெண்டால் நான் எப்பவோ முடிச்சிருப்பன்."

பில்டருக்கு ஒரே வழிதான் இருந்தது. தண்ணீரூற்றில் நளீர் என்று ஒருவன் கராஜ் வைத்திருந்தான். கிடைக்காத சாமானைக் கையாலேயே செய்து போடுவான் என்று பெயர். வற்றாப்பளைக்குப் போகிற வழிதான். வாத்தியார் மைல்கட்டைகளைக் கூட்டிப் பார்த்தார். வீட்டிலிருந்து முப்பத்தொன்பது. நானூற்று அறுபதும் முப்பத்தொன்பதும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

வீரகத்தி அந்த ஒரு மைல் மிச்சத்தை நினைத்து நினைத்துச் சந்தோசப்பட்டார். திங்கட்கிழமை வரைக்கும் காரைத் தொடவில்லை. வெயிலில் காய்ந்தபோதுகூட நிழலுக்கு நகர்த்தவில்லை. தென்னோலையை வெட்டிவந்து காருக்கு மேலே போட்டார்.

திங்கள் விடிய, சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்துப் புறப்பட்டார்கள். பரந்தனில் இளையதம்பி வெள்ளை வேட்டியோடு படலையில் நின்றார். பின்சீற்றில் ஏறி, மடியில் கையை வைத்துக்கொண்டு, சோதனை எடுக்க வந்த அதிகாரி மாதிரி இருந்தார். இரண்டு மைல் போனதும் சிவனேஸ்வரி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, பொங்கல் பானை. அண்ணைக்கு இடம் விடவெண்டு அவற்றை படலையடியிலை இறக்கி வைச்சனான், ஏத்தேல்லை."

வீரகத்தி காரை நிறுத்தினார். "நான் நடந்துபோய் எடுத்துக்கொண்டு வாறன்."

"கார் இருக்கத்தக்கதாய் நடக்கிற மனிசனை இண்டைக்குத்தான் காணுறன்," என்றார் இளையதம்பி பின்னாலிருந்து. "இதுக்கும் எண்ணெய் இல்லையோ?"

வேறு வழியில்லை. போகவும் வரவும் நான்கு மைல். பானையை ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்தியில் நின்றபோது மீற்றர் நானூற்று அறுபத்தேழு. நளீரின் கராஜுக்கு இன்னும் முப்பத்தாறு. விரல் விட்டு எண்ணினார். ஐந்நூற்று மூன்று.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்த தரகர் பரமலிங்கம் காரைக் கண்டு முதலில் முகத்தைத் திருப்பினார். வீரகத்தி இறங்கி ஓடிவருவதைக் கண்டதும் எழுந்து நின்றார். கதை ஒயிலைப் பற்றியது என்று தெரிந்த பிறகு நிம்மதியாக உட்கார்ந்தார்.

"இதுக்குப் போயோ இந்தப் பாடு? றிவேர்ஸிலை போங்கோ. பின்னுக்கு ஓடினால் இந்த மீற்றர் குறையும். ஒரு மைல் பின்பக்கமாய்ப் போனால், ஏறவேண்டிய மைல் ஏறாது, ஏறின மைலிலை ஒண்டு இறங்கும். ரெண்டு மைல் லாபம்."

"மெய்யோ? உமக்கெப்பிடித் தெரியும்?"

பரமலிங்கம் கோப்பையைக் கவிழ்த்து மிச்சத்தையும் குடித்தார். "அனுபவம்," என்றார்.

அப்படியாக, வற்றாப்பளைக்குப் போகிற பெருந்தெருவில் ஒரு கிளிப்பச்சைக் கார் பின்பக்கத்தைக் காட்டியபடி முல்லைத்தீவை நோக்கிப் புறப்பட்டது. வீரகத்தி கழுத்தை முறித்துக்கொண்டு பின்கண்ணாடியால் பார்த்து ஓட்டினார். அவருக்குத் தெருவை மறைத்துக்கொண்டு இளையதம்பியின் முகம் நடுவில் இருந்தது. இரண்டு மைலும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே போனார்கள்.

"மீற்றர் இறங்கினால் என்ஜினுக்குத் தெரியுமோ?" என்றார் இளையதம்பி.

"கொம்பனிக்காரன் மீற்றரைத்தான் மச்சான் பாப்பான். கொஞ்சம் தலையைச் சரியுங்கோ, வண்டில் ஒண்டு வருது."

வண்டில் மாடுகள் தெருவை விட்டு இறங்கி நின்று பார்த்தன. காவடியோடு நடந்துபோனவர்கள் வழிவிட்டார்கள். ஒருவர், "என்ன நேர்த்திக்கடன் அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"எனக்குக் கலியாணம் முடிச்சு வைச்சதுக்கு," என்றாள் சிவனேஸ்வரி. பிறகு கணவனிடம் திரும்பி, "கண்ணகை அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோயிலுக்குப் போற முதல் சனம் நாங்கள்தான்," என்றாள்.

மீற்றர் நானூற்று அறுபத்தைந்துக்கு இறங்கியதும் வீரகத்தி காரைத் திருப்பினார். கார் திரும்பியது. கழுத்து திரும்பவில்லை. மிச்ச முப்பத்துநாலு மைலையும் கடைக்கண்ணால் பார்த்தே ஓட்டி முடித்தார்.

நளீரின் கராஜ் வாசலில் கார் நின்றபோது இளையதம்பி முன்னால் குனிந்து மீற்றரைப் பார்த்தார். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. கனநேரம் பார்த்தார். ஏழு வருடத்துச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி இளகியது.

"சிவனேஸ்," என்றார் மெதுவாக, "மனிசன் எண்ணெய் விசயத்திலை திருந்தித்தான் போட்டுது. வாற தீவாளிக்கு நான் உங்கடை வீட்டிலைதான்."

சிவனேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீரகத்திக்கு அந்தக் கணத்தில் கழுத்து நோகவில்லை. பச்சைக் கார், வெயில், கராஜுக்கு முன்னால் நின்ற வேப்பமரம் எல்லாமே அவருக்காகத்தான் படைக்கப்பட்டவை போலிருந்தன.

நளீர் பொனற்றைத் தூக்கினான். "வெளியிலை பச்சை, உள்ளுக்குக் கறுப்பாய்க் கிடக்கு அண்ணை."

"சீமையிலை உள்ளுக்குக் கறுப்புத்தானாம் அடிக்கிறது." பரமலிங்கம் சொல்லித்தந்ததுதான். வீரகத்தி இரண்டு டின்களையும் இறக்கி வைத்தார். "தம்பி, யோசிச்சுச் சொல்லும். முப்பதோ நாப்பதோ?"

நளீர் யோசிக்கவில்லை. "ரெண்டும் ஒயில்தானே. கிட்டக் கிடக்கிற டின்னைத் தாங்கோ."

வெப்பமானியும் குடையும் வவுனியாவும் ஒருமுறை வீரகத்தியின் கண்ணுக்குள் வந்து போயின. ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தார்.

"பில்டர்?"

"கொம்பனிப் பில்டர் இப்ப நாட்டிலை இல்லை. நான் துணியிலைதான் செய்து போடுறனான். பழஞ்சீலை எண்டால் திறம்." அவன் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "கைருன்னிஸா, பழஞ்சீலை ஏதும் கிடக்கோ?"

"நல்ல சீலையை வெட்டிப்போட்டுப் பழசெண்டு சொன்ன ஆள்தானே நீங்கள்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அலுமாரியைத் தொடாதேங்கோ. நானே பாத்து எடுத்தாறன்."

வீரகத்தி பதறிப்போய் மச்சானைப் பார்த்தார். "என்ன தம்பி, புதுக் காருக்குள்ளை சீலைத்துணியோ?"

நளீர் பில்டர்க் கிண்ணத்தைக் கழற்றினான். உள்ளே கரியைப் போல ஒரு உருண்டை இருந்தது. அதை எடுத்து மண்ணெண்ணெயில் அலசினான். உருண்டை மெல்ல மெல்லத் துணியாக மாறியது. இறுக்கிச் சுற்றி, ஓரத்தைப் பொடியாகத் தைத்த துணி.

வீரகத்தியின் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீங்களோ மச்சான்? கொம்பனிக்காரனும் துணிதான் வைச்சு அனுப்பியிருக்கிறான். அசல் சீமைத் துணி."

இளையதம்பி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக்குள் ஒரு மூலையில் மஞ்சள் பூ ஒன்று எட்டிப் பார்த்தது. "தையலைப் பாரும். எவ்வளவு நேர்த்தி. எங்கடை சனத்துக்கு உப்பிடித் தைக்க எப்ப வரப்போகுது?"

 நளீர் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு, பச்சைக் காரை முன்னாலிருந்து பின்வரைக்கும் ஒருமுறை பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

கைருன்னிஸா ஒரு பழந்துணியோடு வாசலுக்கு வந்தாள். இளையதம்பியின் கையில் இருந்ததைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"உது போன பெருநாளுக்கு முதல், வாடகைக்கு ஓடின அந்தக் கறுப்புக் காருக்கெண்டு நீங்கள் வெட்டின என்ரை மஞ்சள் பூச் சீலையெல்லோ," என்றாள்.