வெடித்த தெள்ளுப்பூச்சி

இவ்வாண்டு மாமியாரைத் தன் வீட்டு வாசற்படி ஏறவிடுவதில்லை என்று தாமோதரன் உறுதி பூண்டான். பூண்ட இடம், பூமிக்குக் கீழே ஆயிரம் அடி ஆழம். மேலே, வீட்டிலிருந்துகொண்டே அப்படி ஓர் உறுதியைப் பூணுகிற அளவுக்கு அவன் துணிந்தவன் அல்லன்.

ஊரிகத்துத் தங்கச் சுரங்கமொன்றில் வெடிக்குத் திரி வெட்டி வைப்பது அவன் உத்தியோகம். திரியைக் கொளுத்திவிட்டு, மற்றவர்கள் தலைதெறிக்க ஓடும்போது, இவன் மட்டும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்து வருவான் என்று அந்த லெவலில், அதாவது சுரங்கத்தின் அந்த அடுக்கில், அவனுக்குப் பெரும் பெயர். அந்த வீரமெல்லாம் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்து, வரிசையாய்க் கட்டிய லைன் வீடுகளில் தன் வீட்டுக் கதவைத் தள்ளி, "மங்கா" என்று மனைவியைக் கூப்பிடும் வரைக்கும்தான். கூப்பிட்ட பிறகு அவனுக்கு வாய்ப்பது வேறொருவனுடைய குரல்.

அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்துவிட்ட காலம் அது; ஆனால் சுரங்கத்தில் உழைப்பவனுக்கு வாய்த்ததோ மூங்கில் தட்டிச் சுவர், ஓர் அறை, மூலையில் ஓர் அடுப்பு, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அந்த அறையில் ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். கட்டில் தாமோதரனின் சொத்து. சொல்லப்போனால் அவனுடைய சொத்து முழுவதும் அதுதான். சென்ற முறை குடியாத்தத்திலிருந்து மாமியார், "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தார். வந்தது தையில். போனது ஆடியில். அதுகாறும் கட்டில் மாமியாருக்கு. அடுப்புக்கும் கோழிக்கூடைக்கும் இடையே கிடந்த பாய் மாப்பிள்ளைக்கு. பொழுது விடியுமுன்பே கோழி அவன் கால்விரல்களைத் தானியமென்று கருதிக் கொத்திப் பார்க்கும். மாமியாரோ கட்டிலில் குறட்டைவிட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது மங்கம்மா சோறு போட்டுக்கொண்டே அந்தச் செய்தியை மீண்டும் சொல்லியிருந்தாள்.

"மாமா, எங்கம்மா வரேன்னு சொல்லி அனுப்பிச்சிகீது. அடுத்த வியாழக்கிழம ரயிலுக்கு."

"வரட்டும், வரட்டும். எத்தினி நாளைக்காம்?"

"நாலு நாளைக்கு."

தாமோதரன் அன்று பாதிச் சோற்றில் எழுந்தான். மறுநாள் சுரங்கத்தில் உறுதி பூண்டான். உறுதியோடு ஒரு வழியும் தோன்றியது. மாமியார் பாம்புக்கு அஞ்சமாட்டார், பேய்க்கு அஞ்சமாட்டார், பேய்தான் அவரைக் கண்டு ஒதுங்கிப் போகும். ஆனால் தெள்ளுப்பூச்சி என்றால் அவருக்கு உயிரே போய்விடும். பூதிகோட்டையில் நடந்த ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுமுன்பே எழுந்து வண்டி பூட்டச் சொன்னவர் அவர். பந்தலில் ஒரு தெள்ளு அவரைத் தீண்டிவிட்டதுதான் காரணம். ஆகவே வீட்டில் தெள்ளு இருந்தால் மாமியார் இல்லை. கணக்குத் தெள்ளத் தெளிவாக இருந்தது.

ஒரே ஒரு குறை. தாமோதரன் தன் வாழ்நாளில் தெள்ளுப்பூச்சியைக் கண்ணால் கண்டதில்லை. இதை அவன் ஒரு குறையாகவே கருதவில்லை. பொய் சொல்லுமுன் அந்தப் பொருளைப் பற்றிச் சற்றே விசாரித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் கணவன்மாருக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் நடுத்தூணில் முதுகைத் தேய்க்கத் தொடங்கினான்.

"அப்பப்பா! இன்னா கடி, இன்னா கடி!"

"இன்னா மாமா கடிக்குது?"

"தெள்ளு மே! ஊடு பூரா தெள்ளு. நீ பாக்கலியா?"

"எங்க கடிச்சுது? காட்டு."

"முதுகுல. பாரு, வரிசையா."

மங்கம்மா விளக்கைக் கொண்டுவந்து, முதுகை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள்.

"வரிசையாக் கடிச்சா அது மூட்டப்பூச்சி மாமா. தெள்ளு தரையிலேர்ந்து எகிறும். கணுக்காலச் சுத்திதான் கடிக்கும். முதுகுல கடிக்கணும்னா அதுக்கு நாம ஏணி வெச்சிக் குடுக்கணும்."

"அப்படியா?"

"மூட்டப்பூச்சின்னா கட்டில்லதான் கீது. தூக்கினு போயி வெளிய போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீ ஊத்தி, நாலு நாள் வெயில்ல…"

கட்டில் என்ற சொல் காதில் விழுந்ததும் கடி முழுவதும் முதுகைவிட்டுக் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது.

"இல்ல மே, கால்லதான் கடிக்குது. முதுகு சும்மா அரிச்சுது."

"கால்லயா? அப்ப தெள்ளுதான்" என்றாள் மங்கம்மா.

மனைவி இவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டால், அறிவுள்ள எந்தக் கணவனும் அந்த இடத்திலேயே எச்சரிக்கை அடைவான். தாமோதரன் மகிழ்ச்சி அடைந்தான்.

"தெள்ளு கீற ஊட்டுக்கு அத்த எப்படி வரும்? வயசான காலத்துல, பாவம். சொல்லி அனுப்பிடு மே."

"அனுப்பறேன். ஆனா நெஜமாவே கீதான்னு பாக்கணும் மாமா. நாளைக்கு எங்கம்மா கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

பார்க்கும் முறையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் கல்யாணத்து வெள்ளை வேட்டியைக் கிழிக்கிறாளோ என்று தாமோதரன் பதறும்போதே பழைய வேட்டியொன்றை இரண்டாகக் கிழித்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இரு கால்களிலும் சுற்றி, அறையின் நடுவே அவனை நிறுத்தினாள். உடம்புச் சூட்டுக்குத் தெள்ளு தானே எகிறி வருமாம். வெள்ளைத் துணியில் கறுப்பாகத் தெரியுமாம். உலையில் அரிசி வேகிற வரைக்கும் அசையக்கூடாது.

சுருட்டுக்கு நெருப்புக் கேட்டு வாசலில் வந்து நின்றார் மரியகுழந்தை. தட்டிச் சுவருக்கு அப்பால் குடியிருப்பவர்; சுரங்க வாசலில் காவற்காரர். ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் மடி, தலைப்பாகை, வாய் எல்லாவற்றையும் சோதித்து, தங்கமோ வெடிமருந்தோ வெளியேறாமல் காப்பது அவர் வேலை.

"இன்னா தாமோதரா, காலு ஒடிஞ்சிடுச்சா?"

"இல்லண்ணா. தெள்ளு புடிக்கிறேன்."

"நின்னுகினேவா?"

"தூண்டில் போட்டுகீதுண்ணா" என்றாள் மங்கம்மா. "தூண்டிலும் மாமாதான். புழுவும் மாமாதான்."

சோறு வெந்தது. துணியில் ஒரு புள்ளியும் விழவில்லை. பிறகு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே விளக்கை ஏற்றித் தரையில் வைத்தாள். வெளிச்சத்துக்கு எகிறும் தெள்ளு தண்ணீரில் விழும் என்றாள். விழுந்தது ஒரு விட்டில். அதையே தெள்ளு என்று தாமோதரன் சாதித்தான்.

"தெள்ளுக்கு ரெக்கை கெடையாது மாமா."

"இது பெரிய தெள்ளு மே."

அவள் விட்டிலை எடுத்து வெளியே எறிந்தாள். சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்பது அவனுக்கே விளங்கிவிட்டது.

சாட்சியை மறுநாள் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தான். திரியின் வயிற்றில் கருமருந்து இருக்கும். மணல்போல் பொடியான கறுப்புத் தூள். தெள்ளு கறுப்பாயிருக்கும் என்று மங்கம்மா சொன்னதைக் கொண்டு, வெட்டி எறிந்த திரித்துண்டொன்றைப் பிளந்து, ஒரு சிட்டிகைத் தூளைத் தலைப்பாகை முடிச்சில் ஒளித்தான். பிடிபட்டால் வேலை போகும். வேலையோடு சேர்ந்து லைன் வீடும் போகும். வாசலில் மரியகுழந்தையின் முன் நின்றபோது, வெடிக்கு அஞ்சாத அந்த வீரன் தலைப்பாகையை இருமுறை சரிசெய்துகொண்டான்.

மரியகுழந்தை கையை நீட்டினார். உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தெள்ளு கீற தலைய நான் தொடமாட்டேன்ப்பா. போ, போ, சீக்கிரம் போ!"

பொய்க்கும் சில சமயம் கூலி கிடைத்துவிடுகிறது. தாமோதரன் வெற்றி நடையோடு வீடு வந்தான். மங்கம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் பாயின்மேல் தூளைத் தூவினான். அவள் குடத்தை இறக்குவதற்குள் கூவினான்.

"பாரு மே, பாரு! செத்த தெள்ளு! கும்பலா செத்துகீது!"

மங்கம்மா குனிந்து பார்த்தாள். ஈரமான வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஒற்றி எடுத்தாள்.

"செத்த தெள்ளுன்னா காலு தெரியணும். எச்சம்னா ஈரத்துல செவப்பாக் கரையும் மாமா. நம்ம ரத்தத்தைத் துன்னதாச்சே. இது கறுப்பாவே கீதே?"

"பாறைக்குள்ளயே கெடக்கறவன் ரத்தம் மே. கறுப்பாதான் இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றாள். பாயில் மிஞ்சியதை இரு விரல்களால் திரட்டி, செத்த பூச்சியை நெருப்பில் போட்டுவிடுவதே நல்லது என்று சொல்லி, அடுப்புத் தணலில் தூவினாள்.

புஸ்ஸென்று ஒரு சீற்றம். முழ உயரத்துக்கு ஒரு வெளிச்சம். கோழி கூடையைக் கவிழ்த்துவிட்டு வெளியே பாய்ந்தது. வெண்புகை எழுந்து கூரையைத் தொட்டது. தெள்ளுப்பூச்சி வெடிக்கும் என்று கற்றவர் எவரும் இதுவரை எழுதி வைக்கவில்லை.

தட்டிச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"இன்னா மங்கம்மா, மருந்து வாசன வருதே?"

மங்கம்மா கணவனைப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். அவனுடைய வேலை, வீடு, கட்டில் மூன்றும் அப்போது அவள் நாக்கு நுனியில் இருந்தன.

"கெந்தகம்ணா. தெள்ளுக்குப் பொக போட்டேன்."

"அப்ப நெஜமாவே கீதா? தட்டியத் தாண்டி எங்க ஊட்டுக்கு வந்துடப் போவுது!"

"வராதுண்ணா. ஞாயித்துக்கிழம எங்க மாமா ஊட்டயே ஒழிச்சுக் கழுவப் போவுது. நீயே வந்து பாரேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தட்டி ஊடு மாமா இது. பத்திகினா இந்த லைனே போயிருக்கும். தெரியுமில்ல?"

அந்தக் கேள்வியில் மட்டும் கேலி இல்லை. தாமோதரன் தலையைத் தொங்கவிட்டான்.

"கழுவறியா? இல்ல, இன்னா வெடிச்சுதுன்னு அண்ணன்கிட்ட சொல்லட்டா?"

"கழுவறேன் மே."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாரம் முழுவதும் அந்த ஒரு நாளின் தூக்கத்துக்காகவே உயிர் வாழ்பவன் தாமோதரன். அன்று அவன் பானை சட்டியெல்லாம் வெளியே அடுக்கினான். துணிகளைக் கொப்பரையிலிட்டுக் கொதிக்க வைத்தான். கோழிக்கூடையைக் கொளுத்தினான். தரைவெடிப்புகளில்தான் முட்டை கிடக்கும் என்று மங்கம்மா சொன்னதால், வெடிப்பு வெடிப்பாகக் குச்சியால் நோண்டி, பெருக்கி, பெருக்கிய புழுதியை நெருப்பிலிட்டான். வேப்பிலை அரைத்துச் சாணத்தில் கலந்து மெழுகினான். கண்ணீர் மல்கத் தன் கட்டிலுக்குத் தானே வெந்நீர் ஊற்றினான். மரியகுழந்தை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்து, சுருட்டுப் புகைத்தபடி மேற்பார்வை செய்தார்.

"அந்த மூலைய உட்டுட்டே தாமோதரா."

இதற்குள் மங்கம்மா சுண்ணாம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டிக்கு மண் பூசிச் சுண்ணாம்பு அடிக்கும்படி அவள் இரண்டு தீபாவளிகளாகச் சொல்லி வந்தாள். இரண்டு தீபாவளிகளாகத் தாமோதரனுக்கு இடுப்பு வலி.

"தெள்ளுக்கும் சுண்ணாம்புக்கும் இன்னா மே சம்பந்தம்?"

"அந்த வாசன அதுக்கு ஆவாது."

"கூரையில கீற ஒட்டட எதுக்கு?"

"அங்கயும் எகிறும்."

"கணுக்காலுக்கு மேல எகிறாதுன்னு நீதானே சொன்னே!"

"அது போன வாரத்துத் தெள்ளு மாமா."

பொழுது சாயும்போது வீடு கோயில்போல் இருந்தது. தாமோதரன் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து எழுந்து வந்தவன்போல் இருந்தான். இடுப்பு இப்போது உண்மையாகவே வலித்தது. ஈரம் உலராத கட்டிலில் சாய்ந்தபோது ஒரே ஓர் ஆறுதல் மிஞ்சியது.

"அத்தைக்குச் சொல்லி அனுப்பிட்டியா மே?"

"அப்பவே அனுப்பிட்டேன் மாமா."

அவன் புன்னகையோடு கண்ணை மூடினான். ஒரு நாள் உழைப்புக்குப் பல மாதக் கட்டில், பேரம் மோசமில்லை.

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்து, சீட்டி அடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். கட்டிலில், காலை நீட்டி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார் மாமியார். பக்கத்தில் ரயிலில் கொண்டுவந்த கந்தல் மெத்தை மூட்டை அவிழ்ந்து கிடந்தது.

"வாங்க மாப்ளே, வாங்க. ஒக்காருங்க" என்று அவனை அவன் வீட்டுக்குள் அவர் வரவேற்றார்.

"அத்தே… மங்கா ஒன்னும் சொல்லி அனுப்பலியா?"

"அனுப்பாம இன்னா? இங்கேர்ந்து வந்த ஆளு வாய்நெறையச் சொன்னான். 'ஞாயித்துக்கிழம மாமா உனுக்கோசரம் ஊட்ட ஒழிச்சு, சுண்ணாம்பு அடிச்சு, கட்டிலுக்கு வெந்நீ ஊத்தி வெக்கப் போவுது, ஒரு பூச்சி இருக்காது, தைரியமா வா'ன்னு. எந்த மாப்ள செய்வான் இப்படி? தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லிட்டுதான் ரயில் ஏறினேன்."

தாமோதரன் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினான்.

"எப்ப மே சொல்லி அனுப்பினே?"

"தூண்ல முதுகத் தேச்சியே மாமா, அன்னிக்கு."

அதாவது மருந்துக்கு முன்பே, விட்டிலுக்கு முன்பே, அவன் தன் பொய்யைப் பாதிகூடச் சொல்லி முடிக்குமுன்பே. தாமோதரன் அடுப்போரப் பாயில் போய் உட்கார்ந்தான்.

பயணக் களைப்பில் மாமியார் கண்ணயர்ந்தார். சிறிது நேரத்தில் தாமோதரனின் கணுக்காலில் சுருக்கென்று ஏதோ கடித்தது. குனிந்து பார்த்தான். எள்ளளவு, பழுப்பு நிறம், பக்கவாட்டில் நசுக்கினாற்போன்ற உடம்பு. விரல் வைக்குமுன் ஒரு சாண் எகிறி, மாமியாரின் மெத்தை மூட்டைமேல் போய் விழுந்தது. அங்கே அதன் சுற்றத்தார் இன்னும் சிலர் இருந்தனர். எச்சில் தொட்ட விரலால் ஒன்றை அமுக்கிப் பிடித்து, பொங்கிய மகிழ்ச்சியோடு மனைவியிடம் ஓடினான்.

"பாரு மே, நெஜம்! உங்கம்மா மூட்டையில கும்பலே கீது! அத்தைய எழுப்பிக் காட்டட்டா?"

"காட்டு மாமா. ஞாயித்துக்கிழம நீ கழுவின லட்சணம் இதானான்னு கேக்கும். மறுபடியும் மொதல்லேர்ந்து கழுவச் சொல்லும்."

மங்கம்மா அவன் விரல்களை விளக்கருகே இழுத்து, இடுக்கிலிருந்ததைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஆமா மாமா, இதுதான் தெள்ளு. நல்லாப் பாத்து வெச்சிக்கோ. அடுத்த வாட்டி பொய் சொல்றப்ப ஒதவும்."